கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குப் பதினாலு மாசம்

எங்க வீட்டுக்காரர் ஆர்விட் டோலஃப்ஸ்ருட் நல்ல மனுஷன். இத முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இனிமே நான் பேசப்போறதக் கேட்டா அப்படித் தோணாது.

முப்பத்தி நாலு வருஷம் கவுன்ட்டி ரோட்டை நிரவற கிரேடர் வண்டி ஓட்டினார். குளிர்காலத்துல பனி தள்ளினார். இந்த நார்த் டகோட்டா காத்துல, மூக்கு உதிர்ந்துடுமோங்கற குளிர்ல, ஒரு நாள் லீவு போட்டதில்ல. குடி கிடையாது, கத்தல் கிடையாது. சர்ச்சுல சாப்பாடு முடிஞ்சா காபிக் கப்பெல்லாம் கழுவிக் கவுத்துட்டுத்தான் வருவார். ஆனா ஏதாவது ஒண்ணை நீங்களே முடிவு பண்ணுங்கன்னு அவர்கிட்ட விட்டா தொலைஞ்சோம். சேத்துல மாட்டின டிராக்டர் கணக்கா நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டு இருப்பார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேக்கவே நாலு வருஷம். சனிக்கிழமை ஆனா எங்க வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பார். கடைசில எங்கப்பாதான் போய்க் கண்ணாடியத் தட்டினார். "ஏம்ப்பா, டீசல் தீர்ந்து நிக்கறியா, இல்ல எங்க பொண்ணைக் கேக்கப் போறியா?"

இந்த மனுஷனுக்கு இருக்கற ஒரே பைத்தியம் துப்பாக்கி சுடற போட்டி. மானு, வாத்து எல்லாம் இல்ல. காகித அட்டைதான். ராணுவத்துல வெச்சிருக்கற மாதிரி ரைஃபிளை எடுத்துக்கிட்டு, இருநூறு கஜம், முந்நூறு, அறுநூறுன்னு தூரத்துல அட்டை. நின்னு, உக்காந்து, படுத்து மொத்தம் ஐம்பது குண்டு, ஐநூறு பாயிண்ட். வந்தவங்கள்ல பத்துல ஒரு பங்கு ஆளுக்குள்ள வந்தா அது கணக்குல ஏறும். அப்படி நாலு தடவை வந்தா ஒரு பேட்ஜ் குடுப்பாங்க. சட்டைல குத்திக்கலாம். ஆர்விட் மூணு தடவை வந்துட்டார். நாலாவதுக்குப் பதினோரு வருஷமா நிக்கறார்.

அது அவர் பாடு, எனக்கென்னன்னு இருந்திருக்கலாம். முடியாதபடி நடுவுல வந்தது ஷார்லின். ஷார்லின் என் தங்கச்சி. அரிசோனால யூமாவுல இருக்கா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவ புருஷன் தவறிப் போயிட்டார். தன் வீட்டை ஒட்டின மனைய எங்களுக்குன்னு போட்டு வெச்சுட்டு, "அக்கா, வந்துடுங்க, நான் ஒத்தைல இருக்கேன்"னு அழுதா. நான் அன்னிக்கே பெட்டி கட்டத் தயார். ஆர்விட் காபிய ஆத்தி ஆத்திக் குடிச்சுட்டு, "பேட்ஜ் ஒண்ணு பாக்கி இருக்கு லவான். அது கைக்கு வந்த அன்னிக்கே வீட்டை வித்துட்டுக் கிளம்பிடலாம். சொன்னாச் சொன்னதுதான்"னார்.

சொன்னாச் சொன்னதுதான்! அதனால அட்டைல இவர் குண்டு தள்ளி விழுந்தா, அங்க என் தங்கச்சிக்கு இன்னும் ஒரு வருஷம் ஒத்தை வாசம். எனக்கு இன்னும் ஒரு குளிர்காலம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலைல ஒரு பாட்டில் மூடியத் திறக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

பிரச்சனை எங்கன்னா, நின்னு சுடும்போது இவர் பிரமாதம். உக்காந்தா, படுத்தா, கோளாறு. உக்காந்தும் படுத்தும் சுடும்போது துப்பாக்கியோட தோல் வாரை இடது கைல சுத்தி இறுக்கிக்குவாங்க, ஆட்டம் இல்லாம இருக்க. "என் கண்ணு சரியில்ல", "என் மூச்சு சரியில்ல"ன்னு வருஷா வருஷம் தன்னையே திட்டிக்குவார். ஒரு நோட்டு வெச்சிருக்கார். எந்த தூரத்துக்கு, நின்னா உக்காந்தா படுத்தா, துப்பாக்கி மேல இருக்கற குறிய எத்தனை கிளிக் திருகணும்னு அதுல எழுதியிருப்பார். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கறதால, ஜனவரி ஆனா நான்தான் உக்காந்து அதப் புது நோட்டுல எழுதிக் குடுப்பேன். இருநூறு கஜம், உக்காந்து: மேல ஆறு கிளிக், வலது நாலு கிளிக். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

தானியக் கிடங்குல வேலை பாக்கற கோர்டி ஷ்லெங்கர்தான் ஆரம்பிச்சு வெச்சான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். எங்க சமையலறைல உக்காந்து என் கேக்கைத் தின்னுக்கிட்டே, "ஆர்விட், தப்பு உன் கண்ணு மேல இல்லய்யா. உன் வாரு மேல"ன்னான்.

விஷயம் இதுதான். இடது கை பிடிக்கற இடத்துல, குண்டு வெளிய போற பேரலைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். ஹேண்ட்கார்டுன்னு சொல்லுவாங்க. ஆர்விட் துப்பாக்கில அது பேரல் மேலயே சாஞ்சு உக்காந்திருக்கு. வாரை இறுக்கினா அந்த இழுப்பு பேரல்ல போய் விழும். பேரல் ஒரு மயிரிழை வளையும். அங்க இருநூறு கஜத்துல அது ஒரு சாண். இதுக்கு மருந்து, உறைக்குள்ள ஒரு அலுமினியக் குழாய். பின்பக்கம் ஒரே இடத்துலதான் அது மாட்டியிருக்கும். பேரலை எங்கயும் தொடாது. வார் குழாயை எவ்வளவு வேணா இழுத்துக்கட்டும், பேரல் அது பாட்டுக்கு நேரா நிக்கும். ஆனா போட்டி விதிப்படி துப்பாக்கி வெளிய பாக்க ராணுவத்து மாதிரியே இருக்கணும். அதனால குழாய மாட்டிட்டு, அதுக்கு மேல பழைய பிளாஸ்டிக் உறையையே மூடிடணும். மாட்டினது ஆண்டவனுக்கும் மாட்டினவனுக்கும்தான் தெரியும்.

"சரி, நல்ல விஷயம். ஒண்ணு வாங்கி மாட்டுங்க"ன்னேன். நான் சொன்னது ஜூலை மாசம். குழாய் வந்து சேர்ந்தது அடுத்த வருஷம் செப்டம்பர்.

ஏன்னா தேர்ந்தெடுக்கணுமாம். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்ன எழுதியிருக்கான்னு படிச்சார். ஒருத்தன் ஒண்ணை ஆஹாங்கறான், இன்னொருத்தன் அதையே குப்பைங்கறான். ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டு ரெண்டையும் எழுதி வெச்சுக்குவார்.

"லவான், இது நாலு அவுன்ஸ் ஜாஸ்தி."

"எதைவிட?"

"அதைவிட."

"அப்ப அதையே வாங்குங்க."

"அதுல வார் மாட்டற இடம் கட்டை விரல் அகலம் முன்னாடி இருக்கே."

"அப்ப இத வாங்குங்க."

"இதுதான் நாலு அவுன்ஸ் ஜாஸ்தின்னேனே. காதுல வாங்கவே மாட்டேங்கற நீ."

நான் காதுல வாங்கலியாம்! முதல் குழாய் நவம்பர்ல வந்துச்சு. நான் மாவு நிறுக்கற தராசுல வெச்சு நிறுத்தார். திருப்பி அனுப்பினார். அதுக்குத் தனி ஸ்பேனர் வேணுமாம். ரெண்டாவது பிப்ரவரில. வார் மாட்டற இடம் பிடிக்கல, திருப்பு. மூணாவது மே மாசம். டார்ச் அடிச்சு உள்ள பாத்துட்டு, "கீறல் இருக்கு"ன்னார்.

"எங்க?"

"உள்பக்கம்."

"உறைக்குள்ள போற குழாய்க்கு உள்பக்கத்துல கீறல். அத யாருங்க பாக்கப் போறா, எலியா?"

"எனக்குத் தெரியுமே"ன்னார். அதுவும் திரும்பிப் போச்சு. தபால்கார அம்மா வேர்னா என்னைப் பாத்தாலே, "இன்னிக்கு வரவா, போகவா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டா. நாலாவது குழாய் வந்தது போட்டிக்கு மூணு நாள் முன்னாடி, வியாழக்கிழமை. பிரிச்சுப் பாத்தா, நவம்பர்ல திருப்பி அனுப்பின அதே குழாய்! அதே மாடல்! தனி ஸ்பேனரையும் சேத்து வாங்கியிருக்கார். தலைல அடிச்சுக்கறதத் தவிர நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலைல கோர்டி வந்தான். கராஜ்ல துப்பாக்கிய இரும்பு வைஸ்ல இடுக்கிப் பிடிச்சு வேலை ஆரம்பிச்சாங்க. பழசக் கழட்டணும்னா பேரல் முனைல இருக்கற முன்குறிய எடுக்கணும். அத ரெண்டு ஊசி பிடிச்சிருக்கு. டொக்கு டொக்குன்னு சுத்தியல் சத்தம். ஒரு மணி நேரம். நான் காபி கொண்டு போனப்ப ரெண்டு பேரும் கொல்லன் மாதிரி வேர்த்துக் கிடந்தாங்க.

"துரு பிடிச்சிருக்கு"ன்னான் கோர்டி.

நான் குனிஞ்சு பாத்தேன். "இந்த ஊசி இந்தப் பக்கம் பருமனா இருக்கே, அந்தப் பக்கம் சன்னமா இருக்கு. நீங்க பருத்த பக்கத்துலேர்ந்து அடிக்கறீங்க. அடிக்க அடிக்க இறுகத்தானே செய்யும்?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. திருப்பிப் போட்டு மூணே அடி. ஊசி விழுந்துடுச்சு. "நாங்களும் அதத்தான் யோசிச்சிட்டிருந்தோம்"ங்கறார் ஆர்விட்!

அப்புறம் புதுக் குழாயப் பிடிக்கற நட்டு. அத இறுக்கும்போது அதுல இருக்கற ஓட்டை சரியா மேல வந்து நிக்கணும், அது வழியாத்தான் மெல்லிசான காஸ் குழாய் ஒண்ணு போகணும். போதுமான அளவு இறுக்கினா ஓட்டை தாண்டிப் போயிடுது. ஓட்டை நேரா வந்தா இறுக்கம் பத்தல. கழட்டு, மாட்டு, கழட்டு, மாட்டு. கோர்டி ஸ்பேனர்ல தொங்கினான். நான் வெச்ச உருளைக்கிழங்கு சூப் ரெண்டு தடவை சூடு பண்ணி ரெண்டு தடவை ஆறிப்போச்சு. ஒருவழியா மத்தியானம் முடிஞ்சுது. பிளாஸ்டிக் உறைய மேல மூடினாங்க. காலைல எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு துப்பாக்கி.

சாப்பிடும்போது கேட்டேன். "நோட்டுல உக்காந்து சுடறதுக்கு மேல ஆறு, வலது நாலுன்னு இருக்கே, அது எதுக்கு?"

"உக்காந்தா குண்டு கீழ, இடது பக்கம் போகும். அத ஈடு கட்ட."

"அது வார் இழுத்ததாலதானே போச்சு? இப்பத்தான் இழுக்காதுங்கறீங்களே. அப்ப அந்த நம்பர் எதுக்கு?"

ஆர்விட் ஸ்பூனைக் கீழ வெச்சார். ரொம்பப் பொறுமையா, குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னார். "லவான், இந்தக் குழாய் பேரலத் தொடவே தொடாது. தொடாத பொருளு எதை மாத்தும்? அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"வாரைப் போட்டு ஒரு தடவை சுட்டுப் பாத்துடுங்களேன்."

"நாளைக்குக் கோர்டியோட மேய்ச்சல் நிலத்துல பாக்கத்தான் போறேன்."

போனார். பாத்தார். எப்படி? மணல் மூட்டை மேல துப்பாக்கிய வெச்சு, வாரைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு! பத்தும் நடுவுல. "பாத்தியா, ஒண்ணும் மாறல"ன்னு அட்டையக் கொண்டு வந்து காட்டினார். "வாரு?"ன்னேன். "மூட்டை இருக்கும்போது வாரு எதுக்கு?"ன்னார். புது சாமானை மாட்டின கையோட போட்டிக்குப் போகாதேன்னு கிளப்ல புதுசா வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும் சொல்ற ஆளு இவர்.

ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் வந்திருந்தாங்க. முதல் நாலு பேருக்குக் கணக்குல ஏறும். ஆள் பத்தலைன்னு என்னையே அவருக்குப் பின்னாடி ஸ்கோர் எழுத உக்கார வெச்சுட்டாங்க. இந்தப் போட்டில சோதனைக் குண்டு கிடையாது, முதல் குண்டே கணக்கு. பின்னாடி இருக்கறவங்க சுடறவருக்கு ஒரு வார்த்தை, ஒரு ஜாடை காட்டக் கூடாது. காட்டினா அவர் பேரை அடிச்சுடுவாங்க.

நின்னு சுட்டார். தொண்ணுத்தி ரெண்டு. அருமை. அடுத்தது உக்காந்து, ஒரு நிமிஷத்துல பத்து குண்டு. பாயைப் போட்டார், வாரைச் சுத்தி இறுக்கினார், நோட்டைத் திறந்தார். என் கையெழுத்து. குறியத் திருக ஆரம்பிச்சார்.

டிக், டிக், டிக். மேல ஆறு.

ஐயோ, வேணாம்ங்க. பென்சிலைக் கடிச்சேன்.

டிக், டிக், டிக், டிக். வலது நாலு.

நாலடி தூரத்துல உக்காந்திருக்கேன். கை நீட்டினா அவர் காதைப் பிடிச்சுத் திருகலாம். ஒரு இருமல் இருமினாப் போதும், திரும்பிப் பாத்துருப்பார். அந்த இருமலுக்கே அவர வெளிய அனுப்பிடுவாங்க. வாய்ல கொழுக்கட்டை வெச்ச மாதிரி உக்காந்திருந்தேன். யூமா என் கண்ணு முன்னாடியே பத்து டிக்குல போச்சு.

அட்டை எழும்புச்சு. சுட்டார். மூச்சு, குண்டு, மூச்சு, குண்டு, கடிகாரம் மாதிரி. பதினோரு வருஷத்துல அவர் அப்படிச் சுட்டு நான் பாத்ததில்ல. பள்ளத்துக்குள்ள இருக்கற ஆளுங்க அட்டையக் கீழ இறக்கி, ஓட்டைல எல்லாம் அடையாளக் குச்சி சொருகி மேல தூக்கினாங்க. பத்து குண்டும் ஒரே இடம். ஒரு காபித் தட்டைக் கவுத்தா மொத்தமும் மூடிடும். ஆனா நடுவுல இல்ல. மேல, வலது பக்கத்துல, எட்டாம் வளையத்துல.

எனக்குப் பின்னாடி நின்ன ஒருத்தர் விசில் அடிச்சார். "இன்னிக்கு இதைவிட நெருக்கமா யாரும் போடலப்பா."

நான் எட்டு எழுதினேன். எட்டு, எட்டு, எட்டு. பத்து தடவை. பென்சில் முனை ஒடிஞ்சு போச்சு.

ஆர்விட் அட்டையவே ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் மெதுவாக் கழுத்தைத் திருப்பி என்னைப் பாத்தார். முகத்த மரம் மாதிரி வெச்சிருந்தேன். உள்ள நான் பேசின பேச்சை ஆண்டவன்தான் மன்னிக்கணும். திரும்பி, அந்தப் பத்து கிளிக்கையும் ஒவ்வொண்ணா எடுத்தார்.

அதுக்கப்புறம் படுத்து, முந்நூறுல தொண்ணுத்தி ஒம்போது. அறுநூறுல இருபது குண்டுக்கு நூத்தித் தொண்ணுத்தி நாலு. கூட்டினா நானூத்தி அறுபத்தஞ்சு. நாலாவது வந்த பையன் நானூத்தி அறுபத்தேழு. ரெண்டே ரெண்டு பாயிண்ட்!

வண்டி பின்கதவை இறக்கி உக்காந்திருந்தோம். கோர்டி வந்து, "யானைக்கும் அடி சறுக்கும் ஆர்விட்"ன்னு ஆரம்பிச்சான். நான் பாத்த பார்வைல காபிய எடுத்துக்கிட்டு நகந்துட்டான்.

ஆர்விட் துப்பாக்கிய மடில வெச்சு அந்தப் பிளாஸ்டிக் உறையத் தடவிக்கிட்டிருந்தார். "இருபது வருஷமா நான்தான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன் லவான். இறுக்கிப் பிடி, இன்னும் இறுக்கிப் பிடின்னு. இறுக்க இறுக்கத்தான் அது வளைஞ்சிருக்கு."

ஒரு நிமிஷம் எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. அடுத்த நிமிஷமே கெடுத்துட்டார். "அடுத்த வருஷம் நிச்சயம்."

"அடுத்த வருஷமா?" எனக்கு எங்கேர்ந்து அவ்வளவு சத்தம் வந்துச்சோ, பக்கத்து வண்டில இருந்தவங்க எல்லாம் திரும்பினாங்க. "ஷார்லின் ரெண்டு தடவை ஆஸ்பத்திரில கிடந்தா. சூப் வெச்சுக் குடுக்க ஆளில்ல. நான் இங்க உக்காந்து மேல ஆறு வலது நாலுன்னு நோட்டு எழுதிட்டிருந்தேன். உங்க பேட்ஜும் வேணாம், உங்க குழாயும் வேணாம். அங்க சுட இடமில்லன்னுதானே இழுத்தடிக்கறீங்க?"

"இருக்கு"ன்னார்.

"என்ன இருக்கு?"

"சுடற இடம். உன் தங்கச்சி வீட்லேர்ந்து நாப்பது நிமிஷம். மாசா மாசம் ரெண்டாவது ஞாயிறு போட்டி. இதே பேட்ஜ்தான். அங்க சுட்டாலும் கணக்குல ஏறும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்து வெச்சேன்."

"எப்ப?"

விரல் விட்டு எண்ணினார். "எட்டு வருஷம் இருக்கும்."

எட்டு வருஷம்! எட்டு குளிர்காலம். "அப்புறம் ஏன் மனுஷா இங்க உக்காந்திருந்தோம்?"

"பேட்ஜோட வரேன்னு சொன்னேனே. வெறுங்கையோட உன் தங்கச்சி முன்னாடி போய் எப்படி நிக்கறது?"

"பேட்ஜுன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாதுங்க! ஏதோ சர்ச்சுல குடுக்கறதுன்னு நெனச்சிட்டிருக்கா!"

அவர் தலையத் தூக்கல. மெதுவாச் சொன்னார். "நீ ஒரு தடவை கூடப் 'போலாம்'னு சொல்லல லவான். 'பேட்ஜ் எப்ப வாங்கப் போறீங்க, எப்ப வாங்கப் போறீங்க'ன்னுதான் கேட்ட. உனக்கும் அது வேணும் போலன்னு நெனச்சேன்."

யோசிச்சுப் பாத்தேன். ஒரு வருஷமாவது சொல்லியிருப்பேனான்னு தேடித் தேடிப் பாத்தேன். சொல்லல. அவர் வாக்குக் குடுத்தார், நான் அவர் வாக்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்க ரெண்டு பேர் பிடிவாதத்துக்கும் நடுவுல அங்க ஒருத்தி ஒத்தைல கிடந்திருக்கா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. கோவமா அழுகையான்னு எனக்கே தெரியல.

"போலாம் ஆர்விட்"னேன். "இந்த அக்டோபர்லயே. பேட்ஜ் இல்லாம. போலாம்."

"சரி"ன்னார். உடனே. ஒரு மூச்சு கூட யோசிக்கல. அப்புறம் கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே, "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"ன்னார்.

ஸ்கோர் அட்டையால அவர் தலைலயே ஒண்ணு போட்டேன்.